பஞ்சு குடோனில் அக்காவின் படம்

எங்கள் ஐந்து பேருக்கும் படம் மாட்ட ஊரில் கிடைத்த ஒரே இடம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு பஞ்சு குடோன்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடத்தில் கேட்டோம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள். கல்யாண மண்டபத்தில் கேட்டோம், முகூர்த்த மாதம் என்றார்கள். கடைசியில் எங்களில் ஒருவனுடைய தாய்மாமன் இரக்கப்பட்டு, பொதிகளெல்லாம் மில்லுக்குப் போய்விட்டன, குடோன் எட்டு நாள் சும்மாதான் கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்பதாம் நாள் காலையில் புதுப் பொதி வந்து இறங்கும், அப்போது உங்கள் பொம்மைகள் உள்ளே இருந்தால் அதன் மேலேயே அடுக்கச் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் சென்னையில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்ற நால்வரில் எனக்கு நெருக்கமானவன் லேத் பட்டறைக்காரர் மகன்; அவனையும் பட்டறைக்காரன் என்றே கூப்பிடுவோம். பழுதாகிப்போன நிட்டிங் மிஷின்களின் உருளைகளையும், வளைந்த ஊசிகளையும் பழைய இரும்புக் கடையிலிருந்து அள்ளிவந்து, வெல்டிங் வைத்து ஆளுயர உருவங்களாக நிறுத்துவான். சேவூர்க்காரன் ஒருவன் சுட்ட மண்ணில் மனிதத் தலைகள் செய்தான். மீதி இருவரும் என்னைப் போல ஓவியர்கள். அதில் ஒருவன் நீலத்தைத் தவிர வேறு நிறத்தைத் தொடமாட்டான். எல்லோருக்கும் வயது இருபத்தைந்துக்குள். எல்லோருக்கும் தலைக்கனம். எனக்கு மட்டும் அதற்கு மேலே மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதி அதனால் நடந்தது.

குடோனைக் கூட்டிப் பெருக்கவே மூன்று நாள் பிடித்தது. எவ்வளவு கூட்டினாலும் பஞ்சு எங்கிருந்தோ பறந்துவந்தது. உத்தரத்தில் இருந்தது, சுவரின் வெடிப்பில் இருந்தது, எங்கள் மூக்குக்குள்ளும் இருந்தது. வர்ணம் முழுதாகக் காயாத இடம் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் ஒரு கவராயத்தின் முனையால் என் படத்திலிருந்து பஞ்சிழைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருப்பேன். நீல நிறத்தான் மட்டும் எடுக்கமாட்டான். அதுவும் படத்தில் சேர்ந்ததுதான் என்பான்.

நான் மாட்டியிருந்தது ஒரே ஒரு படம். ஆறடிக்கு நாலடி. அதன் பெயர் 'செக்கிங்'. அதில் இருந்தது என் அக்கா.

அப்பா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். காரியம் முடிந்த மறுவாரமே அவள் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மிஷினிலிருந்து வரும் துணியில் ஓட்டை, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது வேலை. அதற்குத்தான் செக்கிங் என்று பெயர். அன்றிலிருந்து கண்காட்சி நடந்த அந்த வருடம் வரை, பத்து வருடமாக அதே வேலை, அதே மேசை. நடுவில் இரண்டு இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். முடிந்தபோது அவளுக்கு முப்பது வயது. நான் சென்னையில் டீக்கடைகளில் உட்கார்ந்து கலை பற்றித் தொண்டை வறளப் பேசிய ஒவ்வொரு மாலைக்கும் பின்னால் அவள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பகல் இருந்தது. எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்திருந்ததால்தான் அந்தப் படத்தைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைப்பேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வெளிச்சத்துக்குப் பிடி என்பேன். பிடிப்பாள். கொஞ்சம் மேலே என்றால் மேலே தூக்குவாள். விரலை விரி என்றால் விரிப்பாள். முதல் நாள் மட்டும், "இப்படியா தம்பி?" என்று ஒரு தடவை கேட்டாள். இப்படித்தான் என்றேன். "சித்த இரு" என்று எழுந்து உள்ளே போனவள், கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். அது வெள்ளைத் துணிக்கு எடுப்பாக இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கைகளை வரையவே வராது. கல்லூரியில் என் ஆசிரியர், உன் ஆட்களுக்கெல்லாம் பஞ்சு அடைத்த கையுறை மாட்டியிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கைகள் வந்தன. நான்கு மாதம் அவற்றையே போட்டேன். இடது கட்டைவிரலின் ஓரத்தில் காய்த்துப்போன தோல், சுண்டுவிரலின் லேசான கோணல், மணிக்கட்டில் வளையலின் சிவப்பு பட்டுத் தெரியும் இடம், எல்லாம் வந்தது. வீட்டில் போட்ட கோட்டுப் படங்களை வைத்து, பட்டறைக்காரனுடைய பட்டறைப் பின்னறையில்தான் வர்ணம் தீட்டினேன். ஒருநாள் அங்கே தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அவை அக்காவின் கைகளாக இருந்தன. வேறு யாருடைய கைகளாகவும் இருக்க முடியாது. நான் அன்றைக்குத்தான் ஓவியன் ஆனேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா முடிந்த படத்தைப் பார்த்திருக்கவில்லை. நானும் காட்டவில்லை. அந்தக் கண்காட்சியில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான்: அவள் வந்து அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்தப் பத்து வருடம் வீணாகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தோம். முதலில் வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வேண்டாங்க, செருப்போடவே வரலாம் என்று சொல்லிப் பார்த்தோம். "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு பஞ்சில் நடந்தார்கள். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எந்தக் கம்பெனிப் பொட்டிக்கு வருதுங்க?" எங்கள் ஊரில் படம் என்றால் அது பனியன் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற லேபிள். மான், மயில், ரோஜாப்பூ, சிரிக்கிற குழந்தை. எந்தப் பெட்டிக்கும் வராத படத்தை ஒருவன் எதற்காகப் போடுவான் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இரும்பு உருவங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மெக்கானிக், "இந்த உருளை இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்கும்ங்களே" என்று வருத்தப்பட்டார்.

எங்கள் ஊர்ப் பனியன் கடைவீதியான காதர்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். நேராக நீலப் படத்துக்குப் போனார். நீலத்தான் ஆவலாக அவர் பக்கத்தில் போய் நின்றான். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. சட்டத்தின் ஓரத்தில் மடித்து அடித்திருந்த துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நிமிண்டிப் பார்த்தார். பிறகு அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று ஐந்தாறு படங்களின் ஓரத்தையும் அதேபோல நிமிண்டிவிட்டு, "உங்க துணிதானுங்க இதுல ஒசத்தி" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜவுளி பார்க்க வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள் என்று எடுத்தெறிந்து பேசிவிட்டேன். பட்டறைக்காரன் ஓடிவந்து அவரைக் கையோடு அழைத்துப்போய்ச் சர்பத் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தான். மதியத்துக்குள் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை எழுதி என் படத்துக்குக் கீழே மாட்டினேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அக்கா வரவில்லை. வடக்கே லோடு போகிறது, ஒரு மணி நேரம்கூட விடமாட்டார்கள் என்றாள். ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னாள்.

ஞாயிறு மூன்று மணி இருக்கும். அக்கா வந்தாள். கூட அவளோடு செக்கிங்கில் இருந்த மூன்று பெண்கள். நால்வரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் போல வாசலில் கொஞ்சம் தயங்கி, செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். நான் அவர்களை வேறு எதையும் பார்க்க விடவில்லை. நேராக என் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அக்கா படத்துக்குக் கிட்டே போனாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. தன் வலது கையைத் தூக்கிப் படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அட்டை கண்ணில் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும், வரும் என்று காத்திருந்தேன். அந்தக் கை போன விதத்தை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன், ஆனால் அது என்ன என்று யோசிக்கவில்லை.

அப்போது அந்த மூவரில் இளையவள் கேட்டாள்: "ஏனுங்க, இதுல அக்கா என்ன பண்ணிட்டு இருக்குது? துணி மடிக்குதுங்களா?"

"செக்கிங்" என்றேன். படத்தின் கீழே எழுதியே இருந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சூடாகியது. சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் மூத்தவள். "நம்ம துணி வேட்டியாட்டம் விரிஞ்சு வராதுங்களே. குழாயாட்டமில்ல வரும். கைய உள்ள உட்டுத்தான் பாக்கோணும்."

எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து அவள் சுற்றும் முற்றும் தேடினாள். மூலையில் நாங்கள் தூரிகை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் நீளமான ஒன்றை எடுத்து உதறினாள். சட்டைக் கை போல, இரண்டு பக்கமும் வாய் திறந்த, தையலே இல்லாத ஒரு குழாய் அது. முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். உள்ளேயே விரல்களை விரித்து, துணியை வெளிச்சத்துக்குக் காட்டி, கையைத் திருப்பித் திருப்பி மேலே இழுத்தாள். துணி அவள் கைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. "இப்படிங்க. விரல்லயே தெரிஞ்சு போயிரும், கண்ணு ரெண்டாவதுதான். காலைல உள்ள போன கை, மத்தியானம் சோத்துக்குத்தான் வெளிய வரும்."

"கையில வளையல் வேற போட்டுருக்குது" என்றாள் இளையவள். "வளையலோட ஆருங்க செக்கிங் பண்ணுவா? நூலு மாட்டி இழுத்துப்புடும்ல. மேஸ்திரி வாசல்லயே கழட்ட வெச்சுருவாரு."

நான் ஒரு வருடமாக அந்தக் குழாய்த் துணியில்தான் தூரிகை துடைத்துக்கொண்டிருந்தேன். பனியன் ஊரில் பிறந்து, பனியன் போட்டு வளர்ந்து, பனியன் துணியில் கை துடைத்தவன், பனியன் துணி எப்படி வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நெசவுத் துணி போல விரிந்து வருகிறது என்றே நினைத்திருந்தேன். பத்து வருடத்தில் அக்காவுக்குச் சோற்றுத் தூக்குப் போசியைக் கம்பெனி வாசல் வரை எத்தனையோ முறை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஒருதடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அவள் வேலை செய்வதைப் பார்க்காமலே அவள் வேலையைப் படமாகப் போட்டிருந்தேன்.

அக்கா அந்தப் பெண்களை அடக்கினாள். "படத்துக்கு அப்படித்தான் போடோணும். உங்களுக்கென்ன தெரியும், சும்மா இருங்க" என்றாள். அவள் எனக்காகப் பரிந்து பேசியது அவர்கள் சிரித்ததைவிட வலித்தது. நான் வெளியே போய்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போகும்போது மூத்தவள் என்னிடம் வந்து, "மூஞ்சி அப்படியே அக்காதானுங்க" என்றாள். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவிடம் கேட்டேன். அவள் அம்மாவுக்கு முழங்கால் வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ இப்படிப் புடின்னு சொன்னே. புடிச்சேன்."

"நாலு மாசம் புடிச்சுட்டு உட்கார்ந்திருந்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஊரே பார்த்துச் சிரிக்குது."

"ஊரெங்க சிரிச்சுது? அவளுக மூணு பேரு சிரிச்சாளுக. அவளுக எல்லாத்துக்கும்தான் சிரிப்பாளுக." தைலக் குப்பியை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. நீ ஒண்ணையும் மாத்தாத. அப்படியே இருக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? ஆனால் எனக்கு அது ஆறுதலாகத்தான் கேட்டது. சின்ன வயதில் நான் பரீட்சையில் தோற்றுவிட்டு வரும்போது, பரவாயில்லை விடு என்பாளே, அதே பேச்சு என்று நினைத்தேன். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. எனக்கு உண்மை வேண்டும், அவள் உழைப்புக்கு நான் பொய்யாக ஒரு படம் போடமாட்டேன் என்றெல்லாம் மனசுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் பட்டறைக்காரனை எழுப்பி இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். கதவைப் பாதி சாத்திவைத்துவிட்டுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். அவன் என் தோளைப் பிடித்தான். "முடிஞ்ச படத்துல கை வைக்காதே. வேணும்னா புதுசா ஒண்ணு போடு" என்றான். நாளைக்குச் சென்னையிலிருந்து ஆசிரியர் வருகிறார், பொய்யை மாட்டிவைத்துக்கொண்டு அவர் முன்னால் நிற்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். விஷயம் இதுதான்: எங்கள் படைப்புகளில் ஒன்றிரண்டைச் சென்னையில் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்க என் பழைய ஆசிரியர் செவ்வாய்க்கிழமை வருவதாக எழுதியிருந்தார். பஞ்சு அடைத்த கையுறை என்றாரே, அவர்தான்.

பழைய வர்ணம் தடித்திருந்ததால் மேலே பூசினால் அடியிலிருந்து தெரியும். ஆகவே முதலில் கத்தியால் சுரண்டினேன். வளையல்கள் முதலில் வந்தன, சிவப்புச் செதில்களாகக் கீழே விழுந்தன. பிறகு விரல்கள். இடது கட்டைவிரல் சீக்கிரம் போகவில்லை, அங்கே நான் மிகத் தடிமனாகப் போட்டிருந்தேன். பட்டறைக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேஸ்ட் குவியலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, தன் கையில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் கையைப் பார்த்து நான் போட்டேன். வெள்ளைத் துணி, அதற்குள் முழங்கை வரை போன கை, உள்ளே விரித்த விரல்கள் துணியில் புடைத்து நிற்கும் மேடுகள், அவற்றுக்கு நடுவே வெளிச்சம். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நன்றாக வந்திருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. நான் நிம்மதியாகப் போய் இட்லி சாப்பிட்டேன்.

செவ்வாய் காலை ஆசிரியர் வந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நிதானமாக நின்றார். இரும்பு உருவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "கையைக் காட்டாமல் விட்டாய் பார், அதுதான் இந்தப் படம்" என்றார். அதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மற்ற நால்வரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீலத்தான் என்னைக் கட்டிப்பிடித்தான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சாயங்காலம் அக்காவிடம் சொல்ல வேண்டும், பார் நீ மாத்தாதே என்றாயே என்று சிரிக்க வேண்டும் என்றிருந்தேன்.

அவள் என்னைச் சாயங்காலம் வரை காத்திருக்க விடவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் குடோன் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அக்கா முதலில் இறங்கி, அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அம்மா வீட்டை விட்டு வெளியே வந்து வருடக்கணக்காகியிருந்தது. முழங்கால் அப்படி. அக்கா அரைநாள் லீவு போட்டிருந்தாள். அந்தப் பத்து வருடத்தில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட அவள் அரைநாள் லீவு போட்டதில்லை.

ஒவ்வொரு அடியாக அம்மா உள்ளே வந்தாள். "ரெண்டு நாளா இவளோட ரோதனை தாங்கல கண்ணு" என்றாள் என்னிடம், சிரித்துக்கொண்டே. "என்ற கைய அப்படியே எழுதியிருக்கறான், வந்து பாருங்கம்மா, வந்து பாருங்கம்மான்னு ஒரே புடியா நிக்கறா. வளையல் போட்ட கை எத்தன அளகா இருக்குதுங்கறா. இந்த மொழங்கால வெச்சுட்டு நான் எங்க வாறதுன்னா கேக்கோணுமே."

அம்மாவைத் தடுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எதைச் சொல்லித் தடுப்பது? அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை தன் வீட்டைக் காட்டக் கூட்டிப்போவது போல அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். அவள் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான்கு மாதம் தப்பு என்று தெரிந்தே ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஏன் எழுந்துபோய் வளையல் போட்டு வந்தாள், ஏன் மாத்தாதே என்றாள் என்பதெல்லாம் மொத்தமாக விளங்கியது. அவளுக்கு அவள் வேலை படமாக வேண்டியிருக்கவில்லை. வேலைதான் தினமும் இருக்கிறதே. அவளுக்கு அவள் கை வேண்டியிருந்தது. அதை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஒருவார்த்தை கேட்காமல் சுரண்டி எடுத்துவிட்டேன். முதல் தடவை நான் அவளைப் பார்க்காமல் செய்தது தெரியாத்தனம். இரண்டாவது தடவை செய்ததற்கு எனக்கு இன்றுவரை பெயர் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும்.

அதற்குப் பிந்திய வருடங்களில் எத்தனையோ கைகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அக்காவையே மறுபடி உட்கார வைத்தும் பார்த்தேன், வளையலோடு. உட்கார்ந்தாள், மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கைகள் வரவில்லை.

அன்று குடோனில் அம்மா படத்தை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைப் பார்த்து, "அட, அப்படியே நீதான்" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். இடப்பக்கம், வலப்பக்கம் தேடினாள்.

"கையின்னியே அம்மிணி, எங்க? காணமே?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"துணிக்குள்ள இருக்குதுங்கம்மா" என்றாள்.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.